மலைச்சாரலின் மஞ்சள் ஐரிசு

துருக்கி நாட்டின் தென்பகுதியிலே, மத்தியதரைக் கடலை ஒட்டினாற்போல, மேற்குக் கிழக்காக நீண்டு கிடப்பது தோரசு மலைத்தொடர். மாரிகாலத்தில் அதன் உயர்ந்த சாரல்கள் பனியால் மூடுண்டு கிடக்கும். இளவேனில் தொடங்கிப் பனி உருகத் தலைப்படும்போது, மந்தையை மேல்நிலத்து மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்லும் இடையர்கூட இன்னும் ஏறி வராத அந்நாட்களிலே, ஈரம் ஊறிய மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு சிறு செடி தலைகாட்டும். அதன் உயரம் சில விரற்கடையே. இலை வளரும்வரை அது காத்திருப்பதில்லை, முதலிற் பூத்துவிடும். பூவின் நிறம் நல்ல மஞ்சள். அதிலே இளந்தேன் மணமும் உண்டு. சில நாட்களிற் பூ வாடும்; வேனில் முற்றுமுன் இலையும் காய்ந்து போகும். அதன்பின் அவ்வழியே செல்பவன், அங்கே ஒரு செடி இருந்ததென்பதையே அறியான்.

இச்செடியைத் தாவரவியலார் ஐரிசு டான்போடியே என்பர். ஐரிசு என்பது கிரேக்கரின் பழங்கதைகளில் வானவில்லுக்குரிய தேவதையின் பெயர். பல நிறப் பூக்களைத் தரும் ஏறத்தாழ 300 செடியினங்களுக்கு அப்பெயர் பொதுப்பெயராய் வழங்குகின்றது. அவற்றுட் பெரும்பாலானவை இஞ்சியைப்போல நிலத்தில் கிடையாக வளரும் தடித்த தண்டினை உடையவை. சிறுபான்மையானவை வெங்காயத்தைப்போலக் குமிழ் உடையவை. டான்போடியே இச்சிறுபான்மையைச் சேர்ந்தது. இதன் குமிழை மூடியுள்ள மேற்றோல், மீன்வலையைப் பின்னி வைத்தாற்போன்ற நார்களால் ஆனது. இத்தகைய தோலுடைய ஐரிசுகள் யாவும் ஒரு குழுவாக வைத்து எண்ணப்படுகின்றன.

பெயரின் இரண்டாம் பகுதிக்கு ஒரு வரலாறு உண்டு. 1876ஆம் ஆண்டிலே திருமதி டான்போட் என்னும் பிரித்தானியப் பெண்மணி தோரசு மலையில் இதனைக் கண்டெடுத்தார். அவருடைய கணவர் சின்னாசியாவின் பறவைகளை ஆராயச் சென்றவர். கணவர் வானத்தை நோக்கி நடந்த வழிகளிலே மனைவி நிலத்தை நோக்கி நடந்தார் போலும். ஒரு குரோக்கசுச் செடியும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவைச் சேர்ந்த பேக்கர் என்பார் அதே ஆண்டில் இம்மஞ்சட் பூவை விவரித்துப் பெயரிட்டார். பின்னர் சுவிற்சர்லாந்து அறிஞர் புவாசியே இதனை ஐரிசு இனத்துள் அடக்கினார். இலத்தீன் இலக்கணம் அறிந்தவர்கள் டான்போடியே என்னும் சொல்லின் ஈற்றைக் கேட்ட மாத்திரத்தே, இஃது ஒரு பெண்ணுக்கு உரியது என உணர்வர். ஊன்றி நோக்கின், அப்பெயரில் அவ்வம்மையாரின் சொந்தப் பெயர் இல்லை. கணவரின் குடிப்பெயரே உள்ளது. கண்டெடுத்தவர் பெண் என்பதற்கு அந்த விகுதி ஒன்றே சான்று. துருக்கியின் வடபகுதி மலைகளிலும் இது வளர்வது பிற்காலத்தில் தெரியவந்தது. ஏறத்தாழ 1,000 மீற்றருக்கும் 2,000 மீற்றருக்கும் இடைப்பட்ட உயரமே இதற்கு உகந்த இடமாகும்.

பூவின் அமைப்பு நின்று நோக்கத்தக்கது. பொதுவாக ஐரிசுப் பூவிலே ஆறு இதழ்கள் உண்டு. மூன்று கீழ்நோக்கி வளைந்து வண்டுக்கும் தேனீக்கும் இறங்குதுறையாக அமையும். மற்றை மூன்று கொடிபோல நிமிர்ந்து நிற்கும். டான்போடியேயிலே நிமிர்ந்து நிற்கவேண்டிய இதழ்கள் வெறும் முள்மயிர் அளவாகக் குறுகிவிட்டன; அவற்றின் நீளம் சில மில்லிமீற்றரே. ஆகவே பூ சற்றே மொட்டையாகத் தோன்றும். ஆயினும் அது குறையாகத் தெரிவதில்லை. ஏனெனில் நடுவிலுள்ள சூற்றண்டு மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொரு பிரிவும் இதழைப்போல அகன்று மஞ்சளாக நிற்கின்றது. ஒவ்வொரு பிரிவும் தனக்குக் கீழேயுள்ள இதழுடன் சேர்ந்து ஒரு சிறு சுரங்கவழி ஆகின்றது. அவ்வழியின் வாயிலிலே, இதழின்மேற் பச்சைப் புள்ளிகள் தெளித்தாற்போல இருக்கும். தேனை நாடி உள்ளே நுழையும் தேனீயின் முதுகு முதலிற் சூல்முடியின் மடலில் உராயும். வேறொரு பூவிலிருந்து கொணர்ந்த மகரந்தம் அங்கே ஒட்டும். அதன்பின்னரே இப்பூவின் மகரந்தம் முதுகிற் படியும். தேனீ திரும்பி வரும்போது மடலின் மறுபுறமே அதன்மேற் படுவதால், தன் மகரந்தம் தன் சூலைச் சேர்வது பெரும்பாலும் தவிர்க்கப்படுகின்றது.

இன்னொரு விந்தை. பூவைத் தாங்கி நிற்பது காம்பு என்றே பார்ப்போர் எண்ணுவர். உண்மையில் அது காம்பன்று. இதழ்கள் அடியில் ஒன்றுகூடி நீண்ட குழாய். காம்பு இச்செடியில் இல்லையென்றே சொல்லலாம். சூலகமோ நிலமட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ மண்ணுக்குள் இருக்கின்றது. மறுநாட் காலையில் உறைபனி மீண்டும் வந்து பூவைக் கருக்கினாலும், வித்தாகவேண்டிய பகுதி மண்ணின் அணைப்பிலே பத்திரமாக இருக்கும்.

இனி, குமிழின் ஓராண்டுக் கதையைக் காண்போம். பூக்கும்போது தாய்க்குமிழ் தன் சேமிப்பு முழுவதையும் செலவிட்டுச் சுருங்கிப் போகின்றது. பூ உதிர்ந்தபின், நாற்பட்டை வடிவான ஒடுங்கிய இலைகள் ஓரடி வரையில் உயர்ந்து வளரும். அவை சில வாரங்களுக்குள் வெயிலைக்கொண்டு சமைக்கும் உணவே அடுத்த ஆண்டின் குமிழாகின்றது. அக்காலத்திற்கு மண்ணில் ஈரம் வேண்டும். அந்த ஈரம் உருகும் பனியிலிருந்து கிடைக்கின்றது. பின்பு வரும் கோடையிலோ நேர்மாறாக வறட்சி வேண்டும். காய்ந்த சூடான மண்ணிற் குமிழ் உறங்கி முதிரும். பனியும் வறட்சியும் ஒன்றன்பின் ஒன்றாக முறை தவறாது வரும் மலைச்சாரலுக்கே இதன் வாழ்வு அளந்து தைக்கப்பட்டுள்ளது.

ஒல்லாந்திலே இக்குமிழ்கள் பயிரிடப்பட்டுப் பல நாடுகளுக்கும் விற்கப்படுகின்றன. விலை அதிகமன்று. இலையுதிர் காலத்தில் வாங்கி நட்டவர், தை மாசி மாதங்களில் மஞ்சட் பூக்களைக் கண்டு மகிழ்வர். மறு ஆண்டு பார்த்தால் புல்லைப்போன்ற இலைகள் மாத்திரமே வரும். தோண்டிப் பார்த்தால், நட்ட பெருங்குமிழைக் காணோம். நெல்மணி அளவான சிறு குமிழ்கள் பல கிடக்கும். சின்னவெங்காயம் பல பூண்டாகப் பிரிவதை நேயர்கள் அறிவார்கள். ஆனால் வெங்காயம் பிரிந்தபின்னும் பயன்தரும் அளவிலே இருக்கின்றது. இதுவோ தன்னை நொறுக்கிக்கொள்கின்றது என்றே சொல்லவேண்டும். அந்தச் சிறு குமிழ்கள் மீண்டும் பூக்கும் பருவம் எய்தச் சில ஆண்டுகள் செல்லும். ஆழமாக நட்டால் இப்பிளவு ஓரளவு குறையும் என்பது தோட்டக்காரர் அனுபவம். பலர் அவ்வளவு பொறுமை இன்றி, ஆண்டுதோறும் புதிதாக வாங்கி விடுகின்றனர்.

வாங்குவதனால் என்ன குறை எனிற் கூறுவோம். கடைகளில் விற்கப்படும் டான்போடியே வித்துத் தருவதில்லை. காரணம் அதன் உயிரணுக்களில் உள்ளது. மலையில் வளரும் செடியின் அணுவிலே நிறமூர்த்தங்கள் 18 உண்டு. அவை ஒன்பது ஒன்பதாக இரு தொகுதிகள். தோட்டச் செடியிலோ மூன்று தொகுதிகள், 27 நிறமூர்த்தங்கள். இனப்பெருக்க அணு உண்டாகும்போது தொகுதிகள் சோடி சேர்ந்து சரிபாதியாகப் பிரியவேண்டும். இரண்டைப் பாதியாக்கலாம், மூன்று சோடி சேருமா? ஆகவே மகரந்தமும் சூலும் செம்மையாக உருவாவதில்லை. தோட்டங்களிற் பூக்கும் இம்மஞ்சட் பூக்கள் அனைத்தும், குமிழ் பிரிந்து குமிழாகப் பெருகிய ஒரே வகைச் செடியின் துண்டுகள் போன்றவை. எவ்வளவு பெருந்தொகையாக விற்றாலும், அவற்றுள் ஒன்றேனும் மற்றொன்றினின்று வேறுபட்ட ஒரு புதுச்செடியை ஈன்று தரும் என எதிர்பார்த்தல் அரிது. புதுமைக்கு வழி வித்து. அந்த வித்தோ மலையிலேதான் விளைகின்றது.

இவ்வுண்மையை நன்கு பயன்படுத்தியவர் கனடாவின் தொறன்ரோ நகரத்துச் செடிவளர்ப்பாளர் ஒருவர். 1980களிலே துருக்கியின் மலைகளிலிருந்து கிடைத்த இருதொகுதிச் செடிகளை அவர், கிழக்குத் துருக்கியில் வளரும் நீலநிற இனமொன்றுடன் கலந்து விதை பெற்றார். விதை முளைத்துப் பூவாக ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் செல்லும். அவற்றின் வழித்தோன்றல்களிலே வெண்மையும் இளநீலமும் பச்சையும் மஞ்சளும் விரவிய, முன்பு எவரும் கண்டிராத நிறங்கள் தோன்றின. ஒல்லாந்தின் வயல்களில் நெடுங்காலம் பயிராகிய செடி தரமுடியாததை, மலையிலிருந்து வந்த சில செடிகள் தந்தன.

வலைத்தோற் குமிழ் ஐரிசுகளுள் மஞ்சட் பூப் பூப்பது இன்னொன்றும் உண்டு. அது காக்கேசிய நாடாகிய யோர்ச்சியாவிலே, சில மலைகளில் மாத்திரம் வளரும் வினோகிராதோவி என்பது. 1914இல் முதன்முதல் விவரிக்கப்பட்ட அவ்வினம், வெளிறிய மஞ்சள் நிறமும் முழுவளர்ச்சி பெற்ற நிமிர் இதழ்களும் உடையது. அதன் நிலப்பரப்பு மிகச் சுருங்கியது. ஆதலின் அழிவை எதிர்நோக்கும் செடிகளின் வரிசையிலே அது வைத்து எண்ணப்படுகின்றது. டான்போடியேக்கு அந்நிலை இன்னும் வரவில்லை. துருக்கியின் பல மலைகளில் அது பரந்து வளர்கின்றது. எனினும் 1980களில் அந்நாட்டு மலைகளிலிருந்து பனித்துளிப்பூ, சைக்கிளமன் முதலியவற்றின் கிழங்குகள் பேரளவில் அகழ்ந்து ஏற்றுமதி செய்யப்பட்டதை உலகம் கண்டது. அவை இரண்டும் இப்பொழுது சர்வதேச வணிக உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளன. ஐரிசு அந்த அட்டவணையிற் சேரவில்லை. மலைவீதி அகலும்போதும், சாரல் உழப்படும்போதும், பனி முன்னைய அளவு பெய்யாதபோதும், இழப்பு நிகழ்ந்ததென்று சொல்லப் பூ இல்லாத மாதங்களே ஆண்டில் மிகுதி.

இளவேனிலின் இறுதியிலே, இலைகள் மஞ்சளித்துச் சாயும் வேளையில், மண்ணோடு மண்ணாயிருந்த காய் மெல்ல மேலெழுந்து நிலத்தின் முகத்திலே முதிர்ந்து வெடிக்கும். வித்துகள் தாய்ச்செடியின் அருகிலேயே சிந்தும். அவை அடுத்த மாரியின் குளிரை மண்ணிற் கிடந்து கழித்து, பின்னர் ஊசிபோன்ற ஓர் இலையுடன் முளைக்கும். முதற் பூவுக்கு இன்னும் பல பனிக்காலங்கள் உண்டு.