ஒரு கம்பு, பதினாலு வேலை

எங்கள் ஊரான எப்போதும்வென்றானில் நாங்கள் ஹாக்கி ஆடத் தொடங்கியபோது கையில் இருந்த முதல் ஸ்டிக் உடங்காட்டில் வெட்டியது. உடைமரத்தில் கிளை பிரியும் இடத்தில், அடி வளைந்து நிற்கும் கொம்பாகத் தேடிப் பிடிக்க வேண்டும். அரிவாளால் வெட்டி, முள் கழித்து, பட்டையை உரித்து இரண்டு நாள் நிழலில் போட்டுவைத்தால் கைக்கு அடங்கிவிடும். கோவில்பட்டியில் தங்கிப் படித்த அண்ணன்மார் விடுமுறைக்கு வரும்போது கற்றுக்கொடுத்த ஆட்டம் அது. எட்டயபுரம் வழியாகப் பஸ் பிடித்துப் போய்க் கடை ஸ்டிக் வாங்குவதெல்லாம் அப்போது எங்களால் ஆகிற காரியமில்லை.

ஒருமுறை அவசரப்பட்டு, வீடு கட்டி மிஞ்சிய பலகையில் அதே வடிவத்தை வரைந்து ரம்பத்தால் அறுத்தோம். பார்க்கக் கடை ஸ்டிக் தோற்றுப்போகும். மூன்றாவது அடியில் வளைவு மட்டும் தனியே கழன்று பந்தோடு ஓடியது. கோணல்மாணலான உடைமரக் கொம்போ ஒரு கோடை முழுக்கத் தாங்கியது.

காரணம் நாரில் இருக்கிறது. மரத்தின் நார்கள் நெடுக்குவாட்டில் ஓடுபவை. விறகு பிளக்கிறவர்கள் நெடுக்கே வெட்டு போடுவதும் அதனால்தான். நார்களை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரிப்பது சுலபம், குறுக்கே அறுப்பது கஷ்டம். நேரான பலகையில் வளைவை அறுத்தெடுத்தால் வளைகிற இடத்தில் நார் அறுந்து துண்டு துண்டாக நிற்கும். அங்கே ஒட்டிக்கொண்டிருப்பது நாருக்கு நார் உள்ள பிடிப்பு மட்டும்தான். தானாக வளைந்து வளர்ந்த கிளையில் நாரும் சேர்ந்தே வளைந்து போகிறது. அடி விழும்போது அத்தனை நாரும் சேர்ந்து இழுத்துப் பிடிக்கும்.

ஜலந்தரிலும் மீரட்டிலும் எல்லைக்கு அந்தப் பக்கம் சியால்கோட்டிலும் ஸ்டிக் செய்த கைவினைஞர்கள் பிடித்துக்கொண்ட சூத்திரமும் இதுவே. அவர்கள் எடுத்த மரம் மல்பெரி. பட்டுப்புழுவுக்கு இலை தருகிற அதே மரம். கட்டையை நீராவியில் நன்றாக வேக வைத்தால் நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் இளகும். அந்தச் சூட்டோடு அச்சில் மடக்கி இறுக்கி, ஆறவிட்டால் வளைந்த வாக்கிலேயே நின்றுவிடும். ஒரு நார் அறுந்திருக்காது. கைப்பிடி மட்டும் வேறு: பிரம்புத் துண்டுகளுக்கு நடுவே ரப்பர் பட்டை வைத்து ஒட்டி, அதை ஆப்பு மாதிரிச் சீவி, மல்பெரியில் வெட்டிய பிளவுக்குள் செருகிப் பசை போட்டு நூல் சுற்றுவார்கள். அடியின் அதிர்வைப் பிரம்பும் ரப்பரும் வாங்கிக்கொள்ளும், மணிக்கட்டு பிழைக்கும். 1947 பிரிவினையில் சியால்கோட்டை விட்டு வந்த தொழிலாளிகள் பலர் ஜலந்தரில் குடியேறி அதே பட்டறையை மறுபடி தொடங்கினார்கள். இந்தியாவும் பாகிஸ்தானும் உலக ஹாக்கியை ஆண்ட காலத்தில் இரண்டு அணிகளின் கையிலும் ஒரே கைவினை மரபு இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழும்.

ஹாக்கி ஸ்டிக்கின் அருமை தெரிய வேண்டுமானால் கோல்ஃப் பையை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். விதிப்படி ஓர் ஆட்டக்காரர் பையில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். முதல் அடிக்குத் தலை பெருத்த ஒன்று, தூரத்துக்கு ஏற்ப இரும்பு மட்டைகள், மணல் குழிக்குள் விழுந்தால் தோண்டி எடுக்க ஒன்று, இலக்குக் குழியின் பக்கம் வந்ததும் உருட்டிவிட ஒன்று. அதிலும் நீளமான இரும்பு மட்டைகளால் பந்தை மேலே எழுப்புவது பலருக்குப் படியவில்லை என்று தலை பெருத்த மட்டை, இரும்பு மட்டை என்ற இரண்டு இனத்தையும் சேர்த்து ‘ஹைபிரிட்’ மட்டை செய்தார்கள். அதன் அடிப்பாகம் அகலம், அடர்ந்த புல்லில் குத்திக்கொள்ளாமல் வழுக்கிப் போகும். எடையைத் தாழ்வாகவும் பின்தள்ளியும் வைத்திருப்பதால் பந்து தானே எழும்பும். தூரம் போகிற வலுவும் வேண்டும், தவறை மன்னிக்கிற குணமும் வேண்டும். கோல்ஃப்காரர் ஹைபிரிட்டிடம் கேட்பது இந்த இரண்டையும்தான்.

ஹாக்கிக்காரரிடம் பை கிடையாது. ஓங்கி அடிக்கவும், தள்ளவும், வேகமாக வரும் பந்தைச் சத்தமில்லாமல் நிறுத்தவும், எதிராளி காலுக்கடியில் நுழைத்து எடுக்கவும், தலைக்கு மேல் தூக்கிப் போடவும், திருப்பிப் பிடித்து ஓரத்தால் அறையவும் ஒரே கம்பு. இவை ஒன்றுக்கொன்று முரணான வேலைகள். ஓங்கி அடிக்க உதவுகிற விறைப்பு, பந்தை நிறுத்துகிறபோது எதிரியாகிவிடும். ஆக, பிறவியிலேயே இது ஹைபிரிட். ஸ்டிக் செய்கிறவர் காலங்காலமாகச் செய்துவந்தது ஒரு குணத்தைக் கொஞ்சம் விட்டு இன்னொன்றைக் கொஞ்சம் வாங்குவதைத்தான்.

கையில் எடுத்துப் பாருங்கள். இடப்பக்கம் தட்டை, வலப்பக்கம் உருண்டை. தட்டைப் பக்கத்தாலும் ஓரங்களாலும் மட்டும் பந்தை ஆடலாம். இடக்கைப் பழக்கம் உள்ளவருக்கென்று தனி ஸ்டிக் கிடையாது, எல்லோருக்கும் இது ஒன்றுதான். எடை 737 கிராமுக்கு மேல் போகக் கூடாது; ஆனால் பெரும்பாலோர் வைத்திருப்பது அரைக் கிலோவை ஒட்டியே இருக்கும். நீளம் 105 செ.மீ. வரை. கைப்பிடித் துணி, டேப் எல்லாம் சுற்றிய பிறகும் முழு ஸ்டிக்கும் 51 மி.மீ. உள்விட்டமுள்ள வளையத்துக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும். இந்த அளவுகளுக்குள் நின்றுகொண்டு 156 முதல் 163 கிராம் வரை எடையுள்ள கெட்டிப் பந்தை 91.4 மீட்டர் நீளத் திடலில் ஆள வேண்டும்.

தராசில் ஒரே எடை காட்டும் இரண்டு ஸ்டிக் கைக்கு ஒரே மாதிரி இருக்காது. மண்வெட்டியைக் காம்பு நுனியில் பிடித்துச் சுழற்றினால் கனக்கும், தகட்டுப் பக்கம் பிடித்துச் சுழற்றினால் லேசாகிவிடும். சுழலும் பொருளில் எடை கையிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அதன் வர்க்கத்துக்கு ஏற்றபடி சிரமம் கூடும். தூரம் இரண்டு மடங்கானால் சிரமம் நான்கு மடங்கு. கடையில் ஸ்டிக் வாங்கப் போகும் பையன் அதைச் சுட்டுவிரலில் கிடையாக நிறுத்திப் பார்ப்பது இதற்காகத்தான். நிற்கும் புள்ளி அடிக்குப் பக்கமாக இருந்தால் அடி இடி மாதிரி விழும். கைக்குப் பக்கமாக வந்தால் ட்ரிப்ளிங்கில் மணிக்கட்டு சொன்னபடி ஆடும். தடுப்பாட்டக்காரர் முன்னதையும் முன்கள ஆட்டக்காரர் பின்னதையும் தேடுவது வழக்கம்.

இனி மண்ணைச் சொல்ல வேண்டும். கரிசலில் ஹாக்கி ஆடியவர்களுக்குத்தான் திடல் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். மழை பெய்தால் மண் செருப்பளவு காலில் அப்பிக்கொள்ளும், பந்து உருளவே உருளாது. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பந்து வெடிப்பில் பட்டு எந்தப் பக்கம் எகிறும் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் ஊர் ஊராகச் செம்மண்ணோ சரளையோ கொட்டி, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டித் திடல் செய்தார்கள். அப்படிப்பட்ட தரையில் பந்து எகிறி வரும்போது, அதிர்ச்சியைத் தனக்குள் வாங்கி அடக்குகிற மர ஸ்டிக் ஒரு துணை. கண்ணைவிடக் கையே முதலில் அறிந்துகொள்ளும்.

1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் முதல்முறையாகச் செயற்கைப் புல்லில் ஹாக்கி நடந்தது. அதுவரை ஏழு தங்கம் வென்றிருந்த இந்தியா அங்கே ஏழாம் இடத்துக்குப் போனது. பந்து கண்ணாடிமேல் ஓடுவதுபோல ஓடியது. நின்று நிதானித்து ஆடுகிறவருக்கு இடமில்லை, தூரமும் வேகமும் வேண்டியிருந்தது. இந்த மாற்றத்துக்குப் பின்னால்தான் கார்பன் ஸ்டிக் வந்து மல்பெரியை மெல்ல ஓரங்கட்டியது.

கார்பன் ஸ்டிக் என்று நாம் பொதுவாகச் சொல்வது உண்மையில் ஒரு கூட்டுப்பொருள். ஏழு மைக்ரான் அளவு தடிமனுள்ள, அதாவது தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு போன்ற, கார்பன் இழைகள். அதோடு கண்ணாடி இழை. குண்டு துளைக்காத உடுப்பில் பயன்படும் அராமிட் இழை. துணிபோல நெய்த இவற்றை எபாக்சி பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காகச் சுற்றி, அச்சில் வைத்துச் சூடும் அழுத்தமும் கொடுத்தால் பிசின் கெட்டியாகி ஒரே உடலாகிவிடும். உள்ளே கூடு, பலவற்றில் நுரை நிரப்பியிருப்பார்கள். உடைமரக் கொம்பில் நார் வளைவோடு போன பாடம்தான் இங்கேயும். எந்த அடுக்கில் இழையை நேராகப் படுக்கவைப்பது, எதில் சாய்வாக வைப்பது என்பதில்தான் செய்நேர்த்தி இருக்கிறது. மரத்துக்கு நார் ஒரே திசையில்தான் ஓடும். இங்கே செய்கிறவர் நாரின் திசையையே தீர்மானிக்கிறார்.

கார்பன் கூடக் கூட ஸ்டிக் விறைக்கும். அடிக்கும் கணத்தில் வளைந்து வீணாகும் விசை குறைவதால் பந்து பறக்கும். ஆனால் அதே ஸ்டிக்கில் பந்தை நிறுத்தப் போனால் பட்டுத் தெறிக்கும், சரியான இடத்தில் படாத அடி முழங்கை வரை சுரீர் என்று ஏறும். கண்ணாடி இழையும் அராமிடும் கூடினால் கை மென்மையாக உணரும், வேகம் கொஞ்சம் குறையும். சிறுவர்களுக்கு முதல் ஸ்டிக்கே கார்பன் மிகுந்ததாக வாங்கித் தருகிற பெற்றோரைப் பார்க்கிறேன். ஆசையில் செய்கிறார்கள், அது புரிகிறது. பந்தை அணைத்து நிறுத்தக் கற்கும் வயதில் அந்தக் கை மரத்தையோ கார்பன் குறைந்த ஸ்டிக்கையோ பிடித்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஸ்டிக்கைத் தரையில் படுக்கவைத்துப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் இன்னொன்று தெரியும். அது நேராக இல்லை. வில்போல லேசாக வளைந்திருக்கும். இந்த வளைவு 25 மி.மீ. தாண்டக் கூடாது, அதன் உச்சி அடியிலிருந்து 200 மி.மீ.க்குக் கீழே வரக் கூடாது என்பது விதி. இத்தனை கறாராக அளவு வைத்ததற்குக் காரணம் டிராக் ஃப்ளிக். பெனால்டி கார்னரில் முதல் ஷாட் ஓங்கிய அடியாக இருந்தால், கோல் கோட்டைத் தாண்டும்போது பந்து 460 மி.மீ. உயரத்துக்குள், அதாவது கோலின் அடிப்பலகை உயரத்துக்குள், இருக்க வேண்டும். தள்ளியோ சுண்டியோ அனுப்பினால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே பந்தை அடிக்காமல், உடம்புக்குப் பின்னால் ஸ்டிக்கின் வளைவில் ஏந்தி, இழுத்துக்கொண்டே வந்து, இடுப்பும் தோளும் மணிக்கட்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்ப, கவண் கல்லைப்போல வீசுகிறார்கள். கவணில் கல் குழியில் எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவு வேகம் ஏறும். வளைவு தாழ்வாக இருக்கும் ஸ்டிக்கில் பந்து அப்படித் தங்கும். மணிக்கு 100 கி.மீ. தாண்டிப் போகும். ஆனால் அதே ஸ்டிக்கால் சாதாரணமாக ஓங்கி அடித்தால் பந்து நினைக்காமலே எழும்பி எதிரே நிற்பவர் மேல் பாயலாம். ஃப்ளிக் போடாத ஒருவர் அந்த ஸ்டிக்கைப் பெருமைக்காக வாங்குவது அவருக்கும் நல்லதில்லை, எதிரே நிற்பவருக்கும் நல்லதில்லை.

கோவில்பட்டியில் கிருஷ்ணா நகர் செயற்கைப் புல் மைதானம் வந்த பிறகு கரிசல் பையன்களுக்கு இந்தத் தேர்வெல்லாம் அன்றாட விஷயமாகிவிட்டது. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டிக்கு நாட்டின் பெரிய அணிகள் வரும். கூட்டத்தில் நிற்கிற பையன்கள் ஆட்டத்தைப் பார்க்கிற கண்ணாலேயே கையில் என்ன ஸ்டிக் என்றும் பார்ப்பார்கள். 2022 மே மாதம் ஜூனியர் ஆண்கள் தேசிய சாம்பியன்ஷிப் இங்கே நடந்தது. அதே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில், கோவில்பட்டி மண்ணின் மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து வந்து கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் பயின்ற கார்த்தி செல்வமும் இந்தியச் சட்டை அணிந்தார்கள். பாகிஸ்தானோடு 1-1 என்று முடிந்த ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோல் கார்த்தியுடையது. அன்று எங்கள் பக்கத்தில் பட்டாசு வெடித்திருந்தால்கூட யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

போன கோடையில் ஒரு பள்ளி அணிப் போட்டிக்குப் போயிருந்தேன். ஆட்டம் தொடங்குமுன் நடுவர் வளையத்தை எடுத்து ஒவ்வொரு ஸ்டிக்காக நுழைத்துப் பார்த்தார். ஒரு பையனுடையது அடிப்பக்கத்தில் சிக்கிக்கொண்டது. விரிசல் விட்ட இடத்தில் கறுப்பு டேப்பை ஆறேழு சுற்று சுற்றியிருந்தான். “தம்பி, இது போகாதுப்பா” என்றார் அவர். “ஒரு நிமிஷம் சார்” என்று பையன் அங்கேயே உட்கார்ந்து, நகத்தால் டேப் நுனியைக் கிளப்பி உரிக்கத் தொடங்கினான். ஒவ்வொரு சுற்றாக வந்தது. கடைசிச் சுற்றுக்குக் கீழே விரிசல் தெரிந்தது. விரலால் அழுத்திப் பார்த்தான், ஆடவில்லை. நடுவரும் ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, ஓரத்தில் பிசிறு நிற்காதபடி ஒரே ஒரு சுற்று டேப் போடச் சொல்லி மறுபடி வளையத்தை நீட்டினார். ஸ்டிக் உரசிக்கொண்டு உள்ளே போய் வெளியே வந்தது. அதை வாங்கிக்கொண்டு அவன் இடப்பக்க முன்வரிசைக்கு ஓடினான்.