சபையிற் பெண்களுக்குரிய பங்கு

கல்முனைப் பட்டினத்திலிருந்து மேற்கே கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தால் நாவிதன்வெளிப் பிரதேசத்தின் வயல்கள் தென்படும். தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழும் பகுதி அது. மாரிவெள்ளம் தாம்போதியை மேவிப் பாய்ந்து போக்குவரத்து நின்ற ஆண்டுகள் பல. பாடசாலைக்குப் போகும் பிள்ளையையும் வைத்தியசாலைக்குப் போகும் முதியவரையும் எண்ணி முதலில் கலங்குபவள் வீட்டுப் பெண். ஆயினும் ஊர் வீதி, வடிகால், சந்தை முதலியவற்றைத் தீர்மானிக்கும் சபைகளில் பெண்குரல் அரிதாகவே ஒலித்து வந்தது.

இதில் ஒரு முரண்பாடு உண்டு. கிழக்குக் கரையில் இரு சமூகத்தாரிடையேயும் மகளுக்கே வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுப்பது வழக்கம். குடி என்னும் வழியும் தாய்வழியே வருவது. வீட்டின் உறுதி பெண்ணின் பெயரில் இருக்க, கோயில், பள்ளிவாசல், ஊர்ச்சபை ஆகியவற்றின் நிருவாகமோ ஆண்களிடமே இருந்தது.

1960இல் உலகின் முதற் பெண் பிரதமராகச் சிறிமாவோ பண்டாரநாயக்காவைக் கண்ட நாடு இலங்கை. எனினும் அதற்கு அரை நூற்றாண்டின் பின்னரும் உள்ளூராட்சி சபைகளில் நூற்றுக்கு இரண்டு உறுப்பினர்கூடப் பெண்களாக இருக்கவில்லை. உச்சியில் ஒருவர் அமர்ந்தமையால் கீழுள்ள ஆசனங்கள் தாமாகவே திறந்துவிடவில்லை.

ஆகவே சட்டம் தேவையாயிற்று. 2016, 2017ஆம் ஆண்டுகளின் திருத்தச் சட்டங்கள் உறுப்பினருள் நூற்றுக்கு 25 பேர் பெண்களாதல் வேண்டுமென விதித்தன. வட்டார வேட்பாளருள் நூற்றுக்குப் பத்துப் பேரும், மேலதிகப் பட்டியலிற் பாதிப்பேரும் பெண்களாதல் வேண்டும். 2018 பெப்ரவரி 10இல் நடந்த தேர்தலின்பின் பெண்களின் பங்கு நூற்றுக்கு இருபதைத் தாண்டியது. சிறிய கட்சிகளுக்கு அளிக்கப்பட்ட விலக்கினாற் சில சபைகளில் முழுப் பங்கும் எட்டப்படவில்லை.

வர்த்தகக் கம்பனிகளிலும் இதே வினா எழுந்துள்ளது. இலங்கையின் ஆடைத் தொழிற்சாலைகளில் உழைப்போருட் பெரும்பாலார் பெண்கள். பணிப்பாளர் சபைகளிலோ ஆண்களே மிகுதி. நோர்வே நாடு 2003இற் சட்டமியற்றிப் பெரிய பொதுக் கம்பனிகளின் பணிப்பாளருள் நூற்றுக்கு நாற்பது பேராவது பெண்களாதல் வேண்டுமென்றது. இணங்காத கம்பனி கலைக்கப்படும் என்ற தண்டனையும் இருந்தமையால் 2008ஆம் ஆண்டளவில் அவ்விலக்கு எட்டப்பட்டது. இந்தியாவின் 2013ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டம், பங்குச் சந்தையிற் பதிவான கம்பனிகளில் ஒரு பெண் பணிப்பாளரேனும் இருத்தல் வேண்டுமென்கிறது. அங்குச் சில குடும்பக் கம்பனிகள் உரிமையாளரின் மனைவியையோ மகளையோ நியமித்துச் சட்டத்தை நிறைவேற்றியதாகக் காட்டின.

இங்கேதான் எதிர்வாதம் பிறக்கிறது. தகுதிக்கன்றோ பதவி, பங்கு வைத்துக் கொடுப்பது முறையா என்பர். நேர்மையான கேள்விதான். ஆனால் தகுதி பழக்கத்தால் வளர்வது. கூட்டத்தில் அமராதவர் வரவுசெலவுத் திட்டத்தை வாசிக்கப் பழகுவது எப்படி? முதன்முறை உறுப்பினராகும் ஆண்மகனும் சபையிலேயே கற்றுக்கொள்கிறான். அவனிடம் முற்பயிற்சியை எவரும் கேட்பதில்லை.

எனினும் ஆசனம் வேறு, அதிகாரம் வேறு. பட்டியலிற் பெயர் வந்த பெண்ணின் சார்பிற் கணவனோ கட்சிக்காரரோ பேசுவாராயின் சட்டத்தின் நோக்கம் வீணாகும். கூட்டம் இரவில் நீண்டால் வீடு திரும்பப் பாதுகாப்பு வேண்டும். சபை நடைமுறையிற் பயிற்சி வேண்டும். குழுக்களின் தலைமையிலும் இடம் வேண்டும். இவற்றைச் சட்டம் மட்டும் தந்துவிடாது. குடும்பத்தாரும் கட்சியினரும் ஊராரும் தரவேண்டியவை இவை. வீட்டை மகளின் பெயரில் எழுதிவைக்கும் ஊருக்கு, சபையில் அவள் சொல்லைச் செவிமடுப்பது இயலாத காரியமன்று.