வசூலுக்கு வந்த ஆஸ்பத்திரி பில்

அத்திப்பட்டுப் புதுநகரில் மளிகைக் கடை நடத்தும் ஒருவர், தம் மனைவிக்குச் சென்னைத் தனியார் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை செய்வித்தார் என்று வைத்துக்கொள்வோம். காப்பீடு உண்டு. வீடு திரும்பும்போது கேட்ட பணத்தைக் கட்டி ரசீதும் வாங்கியாயிற்று. நான்கு மாதம் கழித்து, 'மீதி ரூ.4,850 செலுத்தவும்' என்று ஒரு வசூல் நிறுவனத்தின் கடிதம் வருகிறது. பின்னர் தொலைபேசி. பின்னர் ஆளே கடைக்கு வந்து, வாடிக்கையாளர்கள் முன்னிலையில் பேசுகிறார்.

தொகை சிறியதுதான். ஆனால் கடனுக்குச் சரக்கு எடுக்கும் நமக்கு, 'பாக்கிக்காரர்' என்ற பேச்சு மொத்த வியாபாரியின் காதுக்கு எட்டுவது சிறிய விஷயமல்ல. இதற்கு அஞ்சியே பலர் கேள்வி கேட்காமல் கட்டிவிடுகின்றனர். சிலர் கடிதத்தைக் கிழித்துப் போடுகின்றனர். இரண்டுமே தவறு. பில் என்பது ஒரு தரப்பின் கணக்கு மட்டுமே; தீர்ப்பு அல்ல.

இத்தகைய மீதி பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனம் கழித்த தொகையாக இருக்கும். கையுறை, முகக்கவசம் போன்ற பொருட்களுக்குப் பல பாலிசிகளில் பணம் கிடையாது. அனுமதித்த வாடகைக்கு மேற்பட்ட அறையில் தங்கினாலும் கழிவு உண்டு. ஆகவே முதலில் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து, எதற்காக எவ்வளவு கழித்தார்கள் என்ற விவரத்தை எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்து மருத்துவமனைக்குக் கடிதம். 'இத்தொகையை நான் ஒப்புக்கொள்ளவில்லை. இனவாரியான பில்லும், என் பெயரில் வரவு வைத்த தொகைகளின் விவரமும் அனுப்பவும்' என்று எழுதி, ரசீது நகலை இணைத்து, ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். வசூல் நிறுவனத்துக்கும் ஒரு பிரதி. இனவாரியான பில் பெறுவது நோயாளியின் உரிமை என்று தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த உரிமைச் சாசனம் கூறுகிறது. சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி.

பில் வந்ததும் சரக்குப் பட்டியலைச் சரிபார்ப்பது போலவே பாருங்கள். இதில் நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை! ஒரே பொருள் இருமுறை ஏறியிருக்கிறதா? திருப்பிக் கொடுத்த மருந்து கழிக்கப்பட்டதா? முன்பணம் வரவாகியிருக்கிறதா? மருந்தின் விலை எம்.ஆர்.பி.க்கு மேல் போயிருக்கிறதா? நியாயமான பகுதி ஏதேனும் இருந்தால் அதை மட்டும், 'மீதியை மறுக்கிறேன்' என்ற கடிதத்துடன், மருத்துவமனையின் கணக்கிலேயே கட்டுங்கள். வசூல்காரரின் கையில் ரொக்கம் வேண்டாம். அவர் நீட்டும் தாளில் கையெழுத்தும் வேண்டாம். பணப் பாக்கிக்கு வழக்குப் போடப் பொதுவாக மூன்று ஆண்டு காலவரம்பு. அது முடியுமுன் நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அன்றிலிருந்து கணக்கு புதிதாகத் தொடங்கும்.

வசூல்காரரிடம் மருத்துவமனையின் அதிகாரக் கடிதத்தைக் கேளுங்கள். நீதிமன்ற உத்தரவின்றி அவர் கடைச் சரக்கைத் தொட முடியாது. மிரட்டினால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். 'சிபில் கெட்டுவிடும்' என்பார்கள். அங்கே விவரம் தருவோர் வங்கிகளும் நிதி நிறுவனங்களுமே. மருத்துவமனையின் நேரடிப் பாக்கி அதில் ஏறாது. ஆனால் சிகிச்சைக்குத் தவணைக் கடன் எடுத்திருந்தால் கதை வேறு. அது கடன்தான், தவணை தவறினால் பதிவாகும். வங்கி, நிதி நிறுவனங்களின் வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் தொலைபேசியில் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டுள்ளது.

கடிதத்துக்குப் பதிலே இல்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். அதற்கு மேல் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கட்டணம் பெறும் மருத்துவமனைகளின் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995 நவம்பரிலேயே தீர்ப்பளித்துவிட்டது. மருத்துவமனை சென்னையில் இருந்தாலும், 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த கட்டணம் ரூ.5 லட்சம் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. வழக்கெழக் காரணமான நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். எனவே முதல் கடிதம் வந்த உறையைக்கூடத் தபால் முத்திரையுடன் பத்திரப்படுத்துங்கள்.