முகம் பார்க்க விடாத கண்ணாடி

நியூயார்க்கில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது மெட்ரோபாலிடன் மியூசியத்தில் ஒரு கண்ணாடியைப் பார்த்தேன். பெயர்தான் கண்ணாடி, பொருள் வெண்கலம். இத்தாலியில், ரோமுக்கு வடக்கே பொல்சேனா என்னும் ஏரிக்கரை ஊரில், ஒரு கல்லறையில் கிடைத்தது. காலம் கி.மு. 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ரோமானியருக்கு முன்பே அப்பகுதியில் நகரங்கள் கட்டி வாழ்ந்த எட்ரஸ்கன் மக்களின் கைவேலை.

ரயில்வே பணிமனையில் வெண்கல பேரிங்குகளோடு காலம் தள்ளியவன் நான். செம்பில் வெள்ளீயம் கூடக்கூட உலோகம் வெளுக்கும், நன்றாக மெருகேறும். ஆனால் நொறுங்கும் குணமும் வந்துவிடும். கேரளத்து ஆரன்முளைக் கண்ணாடியில் வெள்ளீயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கை தவறினால் போயிற்று! எட்ரஸ்கன் கண்ணாடிகளில் அதைவிடக் குறைவு. இல்லாவிட்டால் பின்பக்கத்தில் உளி ஓடாது, சில்லு பறக்கும். முன்பக்கத்தைச் சற்றே குவிவாகத் தேய்த்து மெருகிடுவார்கள். குவிந்திருந்தால்தான் சிறு வட்டத்துக்குள் முழு முகமும் அடங்கும்.

இதன் பின்பக்கத்தில், விடுதலை பெற்ற பிரமீதியஸின் காயத்துக்கு மருத்துவ தெய்வம் கட்டுப் போடும் காட்சி. கதை கிரேக்கருடையது, எழுத்தும் கிரேக்கரிடம் வாங்கியதே, ஆனால் வலமிருந்து இடமாக எழுதுவார்கள்.

என்னை நிறுத்திவைத்தது அதுவன்று. முகம் பார்க்கும் பக்கத்திலேயே 'சுதினா' என்று ஒரு சொல்லை வெட்டியிருக்கிறார்கள். 'கல்லறைக்கு உரியது' என்று பொருள். அதே கல்லறையின் மற்றப் பாத்திரங்களிலும் இச்சொல் உண்டு. இனி இது இறந்தவருடையது, இருப்பவர் எடுத்துப் புழங்கலாகாது என்பதற்கே இந்த அடையாளம் என்கிறார்கள் அறிஞர்கள். அத்தனை பாடுபட்டு மெருகிட்ட முகத்தில் உளி வைக்க அந்த வீட்டாருக்கு எப்படித்தான் மனம் வந்ததோ!

என் மனைவி காலமாகி நான்காண்டு ஆகிறது. சீராக வந்த எவர்சில்வர் பாத்திரங்களில் அவள் பெயர் புள்ளி புள்ளியாகப் பொறித்திருக்கும். யாரும் தொடக்கூடாதென்று சாக்கில் கட்டிப் பரணில் போட்டிருந்தேன். மருமகள் இருமுறை கேட்டும் கொடுக்கவில்லை. ஊர் திரும்பிய மறுநாள் நானே ஏணி போட்டு இறக்கினேன். இரண்டு டம்ளர் நசுங்கியிருந்தன. மற்றவை இப்போது அடுக்களையில் புழக்கத்தில் இருக்கின்றன.