வெள்ள நிவாரணம் வயலுக்கும் வர வேண்டும்
தாம்பரம் வட்டாரம் கற்றுத் தந்த பாடம்

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஒரு ஏக்கர் நிலத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தால், அந்த ஏக்கரில் மட்டும் ஏறக்குறைய 20 லட்சம் லிட்டர் தண்ணீர் விழுகிறது. அவ்வளவு தண்ணீரும் ஓடி வடிய ஒரு வழி வேண்டும். வழி இல்லாத இடத்தில் அது வீட்டுக்குள்ளும் வயலுக்குள்ளும் நிற்கும். அன்று தென்சென்னைப் புறநகரிலும் அதை ஒட்டிய கிராமங்களிலும் நடந்தது இதுதான்.

முடிச்சூர், வரதராஜபுரம், பெருங்களத்தூர் பகுதிகளில் வீடுகளின் முதல் மாடி வரை தண்ணீர் ஏறிய செய்தியும் படகில் மக்கள் மீட்கப்பட்ட படங்களும் நாடெங்கும் போயின. இந்த ஊர்களுக்கு மேற்கேயும் தெற்கேயும் மணிமங்கலம், சோமங்கலம், படப்பை, ஆதனூர்ப் பக்கங்களில் ஏரிப் பாசனத்தில் விளையும் நெல் வயல்கள் உண்டு. கதிர் வாங்கும் பருவத்தில் இருந்த சம்பாப் பயிர் நீரில் நின்ற செய்தி அவ்வளவாக வெளியே தெரியவில்லை. நகரத்தின் துயரம் பெரிதாக இருந்ததால் வயலின் துயரம் அதன் நிழலில் மறைந்து போயிற்று.

நிறைந்த ஏரியின் மேல் பெய்த மழை

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை 'ஏரி மாவட்டம்' என்பார்கள். 2015-இல் ஒரே மாவட்டமாக இருந்த காஞ்சிபுரத்தில் பொதுப்பணித் துறையின் பொறுப்பில் மட்டும் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் இருந்தன. ஒரு ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்த ஏரிக்கு. கடைசியில் ஆற்றுக்கு. முன்னோர் வகுத்த இந்தச் சங்கிலித் தொடர்தான் வெள்ளத்தைத் தாங்கும் அணையாகவும் கோடையில் பயிரைக் காக்கும் களஞ்சியமாகவும் இருந்து வந்தது.

2015 நவம்பரில் பெய்த தொடர் மழையிலேயே ஏரிகள் பெரும்பாலும் நிரம்பி விட்டன. அதன் மேல்தான் டிசம்பர் முதல் தேதியின் பெருமழை வந்தது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால்தான் முடிச்சூர் மூழ்கியது என்று நினைப்போர் இன்றும் உண்டு. செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலை அருகே. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. அங்கு வந்த வெள்ளம் ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஏரிகளின் உபரி நீர். அந்த நீர் வழக்கமாக ஓடும் தாழ்வான நிலத்தில் மனைகள் எழுந்திருந்தன. கால்வாய்கள் குறுகியிருந்தன. ஆகவே தண்ணீர் கீழே போகவும் முடியாமல், மேலே வயல்களிலிருந்து வடியவும் முடியாமல் தேங்கியது.

வயிற்றுக்கு வந்தது விரைவில் வந்தது

மீட்புப் பணி விரைவாகவே நடந்தது என்று சொல்ல வேண்டும். மீனம்பாக்கம் விமான நிலையம் நீர் சூழ்ந்து சில நாள் மூடப்பட்டபோது, தாம்பரம் விமானப் படைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் பறந்தன. தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் ராணுவத்தினரும் படகுகளுடன் வந்தனர். மீனவர்கள் தங்கள் படகுகளைக் கொண்டு வந்தனர். சோறும் பாலும் போர்வையும் பல மாவட்டங்களிலிருந்து லாரிகளில் வந்து சேர்ந்தன. குடிசை இழந்தோருக்கு 10,000 ரூபாயும், வெள்ளம் புகுந்த மற்ற வீடுகளுக்கு 5,000 ரூபாயும் அரசு அறிவித்தது.

பயிருக்கும் உதவி அறிவிக்கப்பட்டது. நெல் உள்ளிட்ட இறவைப் பயிர்களுக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய், மானாவாரிப் பயிர்களுக்கு 7,410 ரூபாய், பல்லாண்டுப் பயிர்களுக்கு 18,000 ரூபாய். நெல்லுக்கு இது ஏக்கர் கணக்கில் ஏறக்குறைய 5,460 ரூபாய். பசு, எருமை இறந்தால் 30,000 ரூபாய். ஆடு இறந்தால் 3,000 ரூபாய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தாக்கியபோது இவை உயர்த்தி அறிவிக்கப்பட்டன: இறவைப் பயிருக்கு 17,000, மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிருக்கு 22,500, மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000 ரூபாய்.

இந்தத் தொகை இடுபொருள் மானியம். அதாவது, மறுபடி விதை, உரம் வாங்கிச் சாகுபடியைத் தொடங்க ஒரு கைகொடுப்பு. அழிந்த வெள்ளாமையின் விலை அல்ல. அப்படியானால் அந்தக் கைகொடுப்பு அடுத்த நாற்றங்கால் விடும் நாளுக்கு முன் வந்து சேர வேண்டும். செங்கல்பட்டுப் பகுதியில் சம்பா போனாலும் நவரை உண்டு. ஏரிகள் நிரம்பி நிற்கும் ஆண்டில் டிசம்பர், ஜனவரியில் நாற்று விட்டால் ஏப்ரலில் அறுவடை. ஆடுதுறை 37, கோ 51 போன்ற 105 முதல் 110 நாள் குறுகிய கால ரகங்கள் இதற்கு ஏற்றவை. ஆனால் விதைக்கு வைத்திருந்த நெல்லும் வீட்டோடு நனைந்து போனவர் என்ன செய்வார்? பணம் பங்குனியில் வந்தால் நவரைப் பட்டம் போய்விடும். ஒரு பட்டம் தவறினால் வட்டிக்கு வாங்கிய கடன் அடுத்த பட்டம் வரை வளர்ந்து நிற்கும்.

நேபாளத்திலும் இதே கதை

இதே 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் தேதி நேபாளத்தில் 7.8 அளவுள்ள நில நடுக்கம் ஏற்பட்டது. ஏறக்குறைய 9,000 பேர் மாண்டனர். கோர்க்கா, சிந்துபால்சோக் போன்ற மலை மாவட்டங்களில் கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய வீடுகள் சரிந்தன. அங்கும் சிறு விவசாயிகள் விதையையும் தானியத்தையும் வீட்டுக்குள்ளேயே சேமித்து வைப்பவர்கள். வீடு விழுந்தபோது விதையும் இடிபாட்டுக்குள் போயிற்று; கொட்டிலில் இருந்த மாடும் ஆடும் மடிந்தன. நெல் நடவுக்கு ஜூன், ஜூலை மாதங்கள்தான் காலம். இடையில் இருந்தது சில வாரங்களே.

ஐக்கிய நாடுகள் சபையின் உணவு, வேளாண்மை நிறுவனம் நடவுக்கு முன்பாக நெல் விதையையும், தானியம் கெடாமல் வைக்கக் காற்றுப் புகாத பைகளையும் அந்த மாவட்டங்களில் வழங்கியது. அரிசி மூட்டை அன்றைய பசியைத் தீர்க்கும். விதை மூட்டை ஓராண்டுப் பசியைத் தடுக்கும். நில நடுக்கமானாலும் வெள்ளமானாலும் இந்தக் கணக்கு ஒன்றே.

அடங்கலில் இல்லாத பயிருக்கு உதவி இல்லை

நிவாரணக் கணக்கெடுப்பு தொடங்கும்போது அதிகாரி முதலில் பார்ப்பது அடங்கலை. எந்தப் புல எண்ணில், எவ்வளவு பரப்பில், என்ன பயிர் என்பது அந்தக் கிராமக் கணக்கில்தான் இருக்கிறது. 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமான பயிருக்கே உதவி கிடைக்கும். 2015 ஏப்ரலுக்கு முன் இது 50 சதவீதமாக இருந்தது.

தாம்பரத்தைச் சுற்றியுள்ள பகுதியில் இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. நிலத்துக்கு உடையவர் பட்டணத்தில் இருப்பார். மனை விலை ஏறட்டும் என்று காத்திருப்பார். நிலம் கரம்பாகக் கிடக்க வேண்டாமென்று கிராமத்தில் ஒருவரிடம் வாய்மொழியாக விட்டு வைப்பார். நாற்று நட்டதும் களை பறித்ததும் உரக் கடையில் கடன் சொன்னதும் இவர். பட்டாவில் இருப்பதோ அவர் பெயர். வெள்ளம் கொண்டு போனது இவருடைய பயிர். காகிதத்தில் இவர் இல்லவே இல்லை.

இதற்கு வழி உண்டு. குத்தகைதாரர்களின் பெயரைப் பதிவு செய்ய 1969-ஆம் ஆண்டே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பதிவுக்கு நில உடைமையாளர் தயங்கினாலும், நடவு முடிந்தவுடன் கிராம நிர்வாக அலுவலரிடம் பயிரைக் காட்டி அடங்கலில் ஏற்றச் செய்வதும், சாகுபடிச் சான்று பெற்று வைப்பதும் மிக அவசியம். வெள்ளம் வந்த பின் ஓடுவதை விட ஐப்பசியிலேயே இதை முடித்து விடுவது நல்லது. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016 முதல் நடப்பில் உள்ளது. சம்பா நெல்லுக்கு விவசாயி செலுத்த வேண்டியது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம். கடைசித் தேதி வரை காத்திராமல் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் விசாரித்துச் செலுத்தி விட வேண்டும்.

மூழ்கிய பயிரை மீட்பது எப்படி?

வயலில் தேங்கிய நீரை முதலில் வடிக்க வேண்டும். வாய்க்காலில் அடைப்பு இருந்தால் பக்கத்து வயல்காரர்களும் சேர்ந்து எடுத்தால்தான் நீர் இறங்கும். தூர் கட்டும் பருவத்தில் பயிர் வெளுத்துக் காணப்பட்டால், ஏக்கருக்கு ஒரு கிலோ துத்தநாக சல்பேட், 2 கிலோ யூரியாவை 200 லிட்டர் நீரில் கரைத்து இலை மீது தெளிக்கலாம். நீர் வடிந்த பின் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கைக் கலந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடலாம். கதிர் உருவாகும் பருவமானால், 4 கிலோ டி.ஏ.பி.யை முதல் நாள் மாலை ஊற வைத்து வடித்த தெளிந்த நீருடன் 2 கிலோ யூரியா, 2 கிலோ பொட்டாஷ் சேர்த்து 200 லிட்டராக்கித் தெளிக்கலாம்.

ஆண்டுதோறும் தண்ணீர் தேங்கும் தாழ்வான வயல்களுக்குச் சி.ஆர். 1009 சப் 1 என்ற நீண்ட கால ரகம் பொருந்தும். இளம் பயிர் இரண்டு வாரம் வரை நீரில் மூழ்கிக் கிடந்தாலும் மறுபடி துளிர்க்கும் தன்மை இதற்கு உண்டு.

விதை நெல்லை நன்றாகக் காய வைத்து, மூடி இறுகிய டிரம்மில் பரண் மேல் வைக்க வேண்டும். மேட்டுப் பகுதியில் உறவினர் இருந்தால் ஒரு பகுதியை அவர் வீட்டில் கொடுத்து வைப்பது இன்னும் பாதுகாப்பு. குறுகிய கால நெல்லுக்கு ஏக்கருக்கு 24 கிலோ விதை போதும்.

மாடுகளைக் கட்டிப் போடாதீர்

வெள்ளம் வரும் இரவில் கட்டுத்தறியில் கட்டிய மாடு நீந்த வழியின்றிச் சாகிறது. எச்சரிக்கை வந்தவுடன் அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டி விட வேண்டும். வைக்கோற்போரைத் தரையில் போடாமல் மேடை கட்டி அடுக்க வேண்டும். நனைந்து பூசணம் பிடித்த வைக்கோலை மாட்டுக்குப் போடக் கூடாது. தொண்டை அடைப்பான், சப்பை நோய்த் தடுப்பூசிகளை மழைக் காலத்துக்கு முன்பே போட்டுக் கொள்ள வேண்டும். மாடு இறந்தால் புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சான்று பெற வேண்டும். சான்று இல்லாமல் புதைத்தால் உதவித் தொகையும் சேர்ந்து புதைந்து விடும். காட்டுப்பாக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கால்நடை வளர்ப்பு பற்றிய ஆலோசனை பெறலாம்.

கலங்கலைக் காப்பதே முதல் நிவாரணம்

2017 மார்ச் 13-ஆம் தேதி குடிமராமத்துத் திட்டம் மணிமங்கலம் ஏரியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. ஆயக்கட்டு விவசாயிகளே சேர்ந்து தங்கள் ஏரியைச் செப்பனிடும் பழைய வழக்கத்துக்கு அரசுப் பணம் துணை வந்தது. அடையாற்றின் மேற்பகுதியை அகலப்படுத்தும் வேலைகளும், வரதராஜபுரம், முடிச்சூர்ப் பகுதியில் மூடு கால்வாய் வேலைகளும் பின்னர் நடந்தன. ஆயினும் 2021 நவம்பர் மழையிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் இப்பகுதியில் மறுபடி தண்ணீர் நின்றது. ஒரு முறை தூர் வாரினால் போதாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

புரட்டாசி முடிவதற்குள் கிராமத்தார் ஒரு நாள் கரை மேல் நடந்து பார்க்க வேண்டும். மதகு சரியாக மூடித் திறக்கிறதா, கலங்கலுக்குக் கீழே கால்வாயில் ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறதா, யாராவது மண் கொட்டி மேடாக்கியிருக்கிறார்களா என்று கவனித்து எழுத்து மூலம் நீர்வளத் துறைக்கும் வட்டாட்சியருக்கும் தெரிவிக்க வேண்டும். கோடையில் வட்டாட்சியரின் அனுமதி பெற்று ஏரி வண்டலை வயலுக்கு எடுத்தால் ஏரியும் ஆழமாகும், மண்ணும் வளம் பெறும்.

கரம்பாகிப் போன ஒவ்வொரு வயலும், தூர்ந்து போன ஒவ்வொரு கால்வாயும் வெள்ளத்துக்குத் திறந்து வைத்த வாசல். தாம்பரத்தைச் சுற்றி இன்னும் உழப்படும் நிலம் நகரத்தின் வீடுகளுக்கும் காவல் நிற்கிறது. அந்த நிலத்தில் நிற்பவருக்கு நிவாரணம் பட்டம் தவறாமல் கிடைக்க வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவதற்கான அடங்கல் நகல் அவர் கையிலும் இருக்க வேண்டும்.