வீதியில் பாடும் துணிவு

வேற்று மாநிலங்களில் வாழும் தமிழர் இல்லங்களில் பாடத் தெரிந்தோர் குறைவாயில்லை. இளமையில் ஏழெட்டு ஆண்டுகள் முறையாகச் சிட்சை பெற்று, வர்ணம் வரையிலோ கீர்த்தனம் வரையிலோ வந்து, பின்னர் உத்தியோகத்தின் பொருட்டுத் தில்லிக்கோ மும்பைக்கோ கொல்கத்தாவுக்கோ குடிபெயர்ந்தவர்கள் அவர்கள். இன்றும் பாடுகின்றனர், ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு பாடுகின்றனர். அடுத்த வீட்டார் செவியில் விழுந்துவிடுமோ என்று சுருதிப் பெட்டியின் ஒலியையும் தணித்துக்கொள்கின்றனர். அத்தகையோர் மார்கழி மாதத்துக் காலைப்பொழுதில், அயல்மொழி வழங்கும் வீதியொன்றில், நடந்துகொண்டே வாய்விட்டுப் பாடும் துணிவை எங்ஙனம் பெறலாம் என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இதனை வெறும் பொழுதுபோக்குச் செய்தி என்று தள்ளிவிடுதற்கில்லை. கதவுக்குள் முணுமுணுப்பாக நின்றுவிட்ட பாட்டை அவ்வீட்டுப் பிள்ளைகள் கற்பதில்லை. பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும், தெருவில் பஞ்சாபியோ மராத்தியோ பேசி வளரும் பிள்ளைக்குத் தமிழ்ப் பாட்டு என்பது பெற்றோர் பிறர் அறியாமல் செய்யும் ஏதோ ஒரு காரியமாகத் தோன்றினால், அதனைத் தனது என்று அது கொள்ளுமா? ஆதலின் பாடுவோரின் கூச்சம் அவரோடு முடிவதன்று.

வீதியில் பாடுதல் நம்மவர்க்குப் புதியதுமன்று, இழிவானதுமன்று. தியாகராஜ சுவாமிகள் (1767–1847) திருவையாற்று வீதிகளில் பாடிக்கொண்டே உஞ்சவிருத்தி செய்தவர். இருபதாம் நூற்றாண்டில் பாபநாசம் சிவன் (1890–1973) மயிலாப்பூர் மாடவீதிகளில் மார்கழி பஜனையைப் பல ஆண்டுகள் முன்னின்று நடத்தினார். சபை மேடையில் அமரத் தகுதி பெற்றோர் வீதியில் நடந்தனர் என்றால், மேடையே காணாத நமக்கு வீதியில் என்ன குறை வந்துவிடும்?

தமிழ் நாட்டுக்கு அப்பாலும் ஒரு சான்று உண்டு. வங்காளத்து ஷிலாய்தஹ என்னும் ஊரில் தபால் பட்டுவாடா செய்து வந்தவர் ககன் ஹர்காரா. கடிதப் பையைச் சுமந்துகொண்டு பாவுல் பாடல்களைப் பாடித் திரிந்தவர். அவருடைய பாடலொன்றின் மெட்டிலேயே இரவீந்திரநாத தாகூர் 1905 ஆம் ஆண்டில் ஒரு பாட்டு இயற்றினார். அதுவே பிற்காலத்தில் வங்கதேசத்தின் தேசிய கீதமாயிற்று. நம்மைப் போல அரசாங்கச் சேவகம் பார்த்தவர் ஒருவர் வழிநடையில் பாடிய மெட்டு அது என்பதை எண்ணும்போது நமக்கு ஒரு தனி உவகை உண்டாவதை மறைப்பானேன்?

இனி அச்சத்தின் இயல்பைச் சிறிது ஆராய்வோம். பலர் முன் பாட நேரும்போது உடல் அதனை ஆபத்தாகவே கொள்கிறது. அட்ரினலின் என்னும் சுரப்புநீர் இரத்தத்திற் கலக்கிறது, நாடி விரைகிறது, நா உலர்கிறது, மூச்சு வயிற்றளவும் இறங்காமல் மார்பின் மேற்பாகத்திலேயே நின்றுவிடுகிறது. அதன் பயனாகப் பாடகர் காலப்பிரமாணத்தைத் தம்மையறியாமல் விரைவுபடுத்துவார். நீண்ட சங்கதியின் நடுவே மூச்சு முறியும். வித்தை குறைந்தது என்று அவர் எண்ணுவார். உண்மையில் குறைந்தது மூச்சே. பாடத் தொடங்குமுன் மூச்சை நிதானமாக வெளிவிடுவதும், வீட்டில் பாடும் சுருதியினின்றும் அரைக் கட்டை இறக்கிக்கொள்வதும் இதற்கு எளிய பரிகாரங்கள். நடையும் துணை செய்கிறது. ஓரிடத்தில் அசையாது நின்று பாடுகிறவருக்கு நடுக்கம் கைவிரலில் வந்து தங்கும். நடப்பவருக்கு அந்தப் பதற்றமெல்லாம் காலுக்கு வேலையாகிவிடுகிறது. ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்துக்கு எட்டு அடி என்று வைத்துக்கொண்டால், கால்களே தாளம் போடும். விரைவுபடுத்த நினைத்தாலும் கூட்டத்தின் நடை விடாது.

ஆயினும் துணிவைத் தருவனவற்றுள் தலையாயது நாமாவளியின் அமைப்பே என்பது எமது கருத்து. ஒருவர் ஓர் அடியைப் பாட, ஏனையோர் அதனையே திரும்பப் பாடுகின்றனர். இவ்வமைப்பைப் பக்தர்கள் பக்திக்கென்றே கொண்டனர். ஆனால் புதிதாய்ப் பாட வருவோரைப் பழக்குவதற்கு இதனினும் சிறந்த பள்ளிக்கூடத்தை எவரும் திட்டமிட்டு அமைத்திருக்க முடியாது. முதல் நாள் வந்தவர் கையில் ஜால்ராவைக் கொடுத்துவிடலாம். அவர் வாய் திறக்கவே வேண்டுவதில்லை. எனினும் குழுவில் அவருக்கு ஓர் இடம் உண்டு, கைக்கு ஒரு தொழில் உண்டு. சில நாட்களில் தாமாகவே திரும்பப் பாடுவோரோடு சேர்ந்துகொள்வார். அங்கே சுருதி சற்றே விலகினாலும் பத்துக் குரல்கள் அதனை மூடிவிடும். பின்னர் ஒரு நாள், முன்பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் ஓரடியை எடுத்துக் கொடுப்பார். உடனே பத்துப் பேர் அதனை வாங்கித் திருப்பிப் பாடுவர். தாம் பாடியதைப் பிறர் ஏற்று அவ்விதமே பாடக் கேட்பதைவிட ஒருவருக்குத் துணிவூட்டுவது வேறு யாது? கைதட்டல் இதற்கு ஈடாகாது.

தில்லியில் நாங்கள் கூடிப் பாடும் குழுவில் கணக்குத் துறை நண்பர் ஒருவர் மூன்று மார்கழிகள் ஜால்ராவை விட்டு நகரவில்லை. நான்காம் ஆண்டில் அவர் முன்பாடத் தொடங்கியபோதுதான் அவர் குரலின் கனம் எங்களுக்குத் தெரிந்தது. அவசரப்படுத்தியிருந்தால் அவர் மறுநாளே வராமலிருந்திருப்பார்.

பாட்டுத் தேர்விலும் மார்கழி நமக்கு உதவுகிறது. திருப்பாவை முப்பது பாசுரங்கள். நாளுக்கு ஒன்றாக மாதம் முழுவதற்கும் போதும். அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890–1967) அமைத்த மெட்டுக்கள் பரவிவிட்டமையால், வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தவர்களும் ஒத்திகையின்றியே ஒருங்கு பாட முடிகிறது. திருவெம்பாவை இருபது. இவை போக, நான்கைந்து நாமாவளிகள் இருந்தால் ஒரு வீதியைச் சுற்றி வரலாம். நிரவலும் கற்பனை ஸ்வரமும் வீட்டில் இருக்கட்டும்.

கருவி வாசிப்போர் சில நுட்பங்களை அறிதல் நலம். வீணை வீதிக்கு வருவதன்று. வயலினைத் தெற்கத்திய முறையில் அமர்ந்து, தலைப்பாகத்தைப் பாதத்தில் ஊன்றி வாசித்துப் பழகியோர், நின்று வாசிக்கத் தனியே பழக வேண்டும். அன்றி, குழு நிற்கும் இடங்களில் ஒரு முக்காலியிட்டு அமரலாம். மிருதங்கத்தைத் துணியாற் கட்டி இடுப்பில் தொங்கவிட்டுக்கொள்வது பழைய வழக்கமே. நாகஸ்வரம் வீதிக்கென்றே பிறந்த வாத்தியம். ஆயினும் அதனை உத்தியோகத்துக்கு நடுவே பயின்றவரைக் காண்பது அரிது. புல்லாங்குழலுக்கு வடநாட்டுக் குளிர் ஒரு சோதனை. காற்றில் ஒலியின் வேகம் 20 டிகிரி வெப்பத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். 0 டிகிரியில் 331 மீட்டர். குழலின் சுருதி இவ்வேகத்தைப் பொறுத்ததாதலின் குளிரில் இறங்கிவிடும். ஆர்மோனியத்தின் உலோக நாக்குகளோ அவ்வளவாக மாறுவதில்லை. ஆகவே வீட்டில் ஒத்திருந்த இரண்டும் வெளியே வந்ததும் பிணங்கும். குழலைச் சால்வைக்குள் வைத்து வெதுப்பிக்கொண்டு, சில நொடிகள் ஊதிய பிறகே சுருதி சேர்க்க வேண்டும். (ஆர்மோனியத்தை நம் வானொலி நிலையங்கள் 1940 இல் விலக்கி வைத்ததும், பல ஆண்டுகளுக்குப் பின்னரே அத்தடை தளர்ந்ததும் நேயர்கள் அறிந்ததே. வீதி அதனை ஒருநாளும் விலக்கியதில்லை.)

வெளியிற் பாடுவோர் அனைவரையும் முதலில் மனமுடையச் செய்வது, தம் குரல் தமக்கே கேளாமற் போவதுதான். அறையில் நான்கு சுவர்களும் நம் குரலை நமக்குத் திருப்பித் தருகின்றன. திறந்த வெளி தருவதில்லை. தூரம் இரட்டிக்குந்தோறும் ஒலியின் அளவு 6 டெசிபல் குறைகிறது. இரண்டு மீட்டரில் நிற்பவர் கேட்கும் ஒலி பதினாறு மீட்டரில் நிற்பவரை அடையும்போது 18 டெசிபல் குறைந்திருக்கும். இதனையறியாத புதியவர் தொண்டையை வருத்திக் கத்துவார். மூன்றாம் நாள் குரல் கட்டிவிடும். கத்துவதினும் நெருங்கி நடப்பதே தக்கது. நிற்குமிடத்தில் முதுகுப்புறம் ஒரு சுவர் இருந்தால் ஒலி முன்னோக்கிச் செல்லும்.

நேரத்தைக் குறித்தும் ஒரு சொல். மார்கழியில் சூரியோதயம் சென்னையில் ஏறக்குறைய ஆறரை மணி. கொல்கத்தாவில் ஆறே கால். தில்லியிலும் மும்பையிலும் ஏழு மணிக்கு மேல். எனவே ஊரில் நான்கரைக்கு எழுந்த வழக்கத்தை இங்கும் அப்படியே கொண்டுவர வேண்டிய அவசியமில்லை. சட்டமும் அதற்கு இடந்தருவதில்லை. 2000 ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. 2010 இல் செய்யப்பட்ட திருத்தம் இசைக்கருவிகளையும் இதனுட் சேர்த்துள்ளது. ஆறு மணிக்குப் பின் தொடங்கினால் தில்லியில் இருளும் இருக்கும், விடியலும் பாட்டின் நடுவே வரும். ஒலிபெருக்கி எந்நேரத்திலும் வேண்டாம் என்போம். அது பாடுகிறவரின் துணிவை வளர்ப்பதில்லை. அயலார் பொறுமையைக் குறைக்கிறது.

அயலார் என்ன நினைப்பர் என்பதே பலருடைய பெருங்கவலை. நம் நாட்டு வீதிகளை அறிந்தால் இக்கவலை பெரிதும் நீங்கும். குரு கோவிந்த சிங்கரின் பிறந்தநாள் பெரும்பாலும் டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ வரும். அதற்கு முந்திய நாட்களில் சீக்கியர்கள் பிரபாத் பேரி என்ற பெயரால் விடியற்காலையில் பாடிக்கொண்டு வீதிவலம் வருகின்றனர். நம் மார்கழியும் அதே காலம். மகாராஷ்டிரத்தில் வார்க்கரிகள் தாளமும் மிருதங்கமும் முழங்கத் திண்டி திண்டியாகப் பண்டரிபுரம் நோக்கி நடப்பதைக் காணாதவர் இல்லை. வங்காளத்தில் சைதன்யர் (1486–1534) நவத்வீப வீதிகளில் தொடங்கிய நகர சங்கீர்த்தனம் இன்றும் வழங்குகிறது. மொழி விளங்காவிடினும் செய்கை அவர்களுக்கு விளங்கும். எனினும் தொடங்குவதற்கு முதல் நாள் நான்கு வீடுகளுக்குச் சென்று சொல்லிவைப்பது முறை. நோயாளியோ கைக்குழந்தையோ உள்ள வீட்டின் முன் மௌனமாகக் கடந்து செல்ல வேண்டும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருந்தாலும் அவ்விதமே.

நின்று கேளாமற் செல்வோரைக் கண்டு தளர்வதும் உண்டு. 2007 ஆம் ஆண்டு ஜனவரி 12 அன்று ஜோஷுவா பெல் என்ற புகழ்பெற்ற வயலின் வித்துவான் வாஷிங்டன் நகரத்துச் சுரங்க ரயில் நிலையமொன்றில், எவரும் அறியா வண்ணம் 43 நிமிடங்கள் வாசித்தார். ஒரு பத்திரிகை நடத்திய சோதனை அது. கடந்து சென்றோர் 1097 பேர். ஒரு நிமிடமேனும் நின்று கேட்டோர் ஏழு பேர். அவர் வித்தைக்கு என்ன குறை? அலுவலகம் செல்லும் நேரம், அவ்வளவே. நம் வீதியில் பால் வாங்கச் செல்பவரும் பள்ளி வண்டிக்கு ஓடுபவரும் நின்றுவிட வேண்டுமென்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

மத்திய அரசுப் பணியாளருக்கு வேறொரு ஐயம் எழுவதுண்டு. பணி விதிகள் இதனை அனுமதிக்கின்றனவா? 1964 ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப்பணி நடத்தை விதிகள், அலுவற் கடமைக்கு ஊறு நேராதவரை, கலை சார்ந்த தற்செயலான பணிகளுக்கு முன்னனுமதி வேண்டுவதில்லை என்கின்றன. ஆனால் பணமாகவோ பொருளாகவோ நன்கொடை திரட்டுவதற்கு முன்னனுமதி வேண்டும். ஆதலின் செம்பையும் தட்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் புறப்படுதல் உத்தமம். உஞ்சவிருத்தியின் சிறப்பை அறியாத அயலார், யாசகம் என்று தவறாக எண்ணுதற்கும் இடமிராது.

மாதம் முழுவதும் தயங்கியே கழித்தவருக்கும் ஒரு வாய்ப்பு உளது. மார்கழி முடியும் போகியும் பஞ்சாபியரின் லோஹ்ரியும் பெரும்பாலும் ஒரே நாளிலோ அடுத்தடுத்தோ வருகின்றன. தில்லிக் குடியிருப்புகளில் அன்று மாலை நெருப்பு மூட்டி, நிலக்கடலையும் பொரியும் வழங்கி, சுற்றி நின்று பாடுவர். மதராசிக்காரர் என்றால் பாடத் தெரியும் என்பது அவர்களுடைய அசையாத நம்பிக்கை. ஒன்று பாடுங்கள் என்று கேட்காமல் விடமாட்டார்கள். அன்றைக்கென்று பல்லவி, அனுபல்லவி, ஒரு சரணம் கொண்ட சிறு உருப்படி ஒன்றை ஆயத்தமாக வைத்திருக்கலாம். நெருப்பின் புகை தொண்டையைக் கரகரக்கச் செய்யுமாதலின், காற்று வீசும் பக்கமாக நின்றுகொள்ள வேண்டும்.