பனிமலையை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் என்ன செய்வார்கள்? பாட்டுக் கேட்பார்கள். படம் பார்ப்பார்கள். பிறகு தங்கள் வீடு வானத்திலிருந்து எப்படித் தெரிகிறது என்று சாட்டிலைட் மேப்பில் தேடுவார்கள். இதே போன்ற சாட்டிலைட் படங்களை வைத்துத்தான் உலக நாடுகள் சேர்ந்து பனிமலைகளைக் கண்காணிக்கின்றன.

நான் ஒரு சாஃப்ட்வேர் என்ஜினியர். சொந்த ஊர் பழனிக்குப் பக்கத்தில் உள்ள ஆயக்குடி. கொய்யா விளையும் ஊர். "நமக்கும் பனிமலைக்கும் என்ன சம்பந்தம்?" என்று எங்கள் ஊரில் கேட்பார்கள். நம் பிள்ளைகள் ராணுவத்திலும் மற்ற வேலைகளிலும் இமயமலைப் பக்கம் இருக்கிறார்களே, அது போதாதா? அங்கே நடந்த ஒரு சம்பவத்தைப் பார்ப்போம்.

ஒரே இரவில் வடிந்த ஏரி

சிக்கிம் மாநிலத்தின் வடக்கே, சுமார் 5,200 மீட்டர் உயரத்தில் சவுத் லோனாக் என்ற ஏரி இருக்கிறது. பனிப்பாறை உருகி வரும் தண்ணீர் தேங்கி உண்டான ஏரி இது. பனி உருக உருக, ஏரி பல ஆண்டுகளாகப் பெரிதாகிக்கொண்டே வந்தது. 2023 அக்டோபர் 3-ம் தேதி இரவு, கரை மேட்டிலிருந்து உறைந்த மண்ணும் பாறையும் சரிந்து ஏரிக்குள் விழுந்தன. ஏரி உடைந்தது. டீஸ்டா ஆற்றில் வெள்ளம் பாய்ந்து சுங்தாங் அணையை அடித்துச் சென்றது. பொதுமக்களும் ராணுவ வீரர்களும் உயிரிழந்தனர்.

அந்த ஏரிக்கு என்ன ஆனது என்பதை இஸ்ரோ சாட்டிலைட் படங்களை ஒப்பிட்டு வெளியிட்டது. செப்டம்பர் 28-ல் ஏரியின் பரப்பு 167.4 ஹெக்டேர், அதாவது சுமார் 414 ஏக்கர். அக்டோபர் 4-ல் 60.3 ஹெக்டேர், அதாவது சுமார் 149 ஏக்கர்தான்!

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. செப்டம்பர் 17-ம் தேதி படத்தை எடுத்தது நம் நாட்டு ரிசாட்-1ஏ சாட்டிலைட். அடுத்த இரண்டு படங்களையும் எடுத்தது ஐரோப்பாவின் சென்டினல்-1ஏ. அந்தப் படங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாக டவுன்லோடு செய்துகொள்ளலாம். அதனால்தான் இஸ்ரோவால் உடனே ஒப்பிட முடிந்தது. இவை இரண்டுமே ரேடார் சாட்டிலைட்டுகள். தாமே அலைகளை அனுப்பி, அவை திரும்பி வருவதைப் படமாக மாற்றுபவை. இருட்டோ மேகமோ இவற்றுக்குத் தடையில்லை.

ஏன் ஒரு நாடு மட்டும் போதாது?

சென்டினல்-1ஏ ஒரே பாதைக்குத் திரும்பி வர 12 நாட்கள் ஆகும். ஓர் ஏரி உடைய ஒரு ராத்திரி போதும்! ஆகவே பல நாட்டு சாட்டிலைட்டுகள் மாறி மாறிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2025 ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார், நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது. ஒரு ரேடார் அவர்களுடையது, இன்னொன்று நம்முடையது. பனிப்பாறை சில சென்டிமீட்டர் நகர்ந்தாலும் இதனால் கண்டுபிடிக்க முடியும்.

வானத்திலிருந்து பார்த்தால் மட்டும் போதாது. தரையிலும் அளக்க வேண்டும். இமாச்சலப் பிரதேசத்தின் சோட்டா ஷிக்ரி பனிப்பாறையில் 2002 முதல் இந்திய, பிரெஞ்சு ஆய்வாளர்கள் பனிக்குள் மூங்கில் கழிகளை நட்டு, எவ்வளவு கழி வெளியே தெரிகிறது என்று அளந்து வந்திருக்கிறார்கள். இப்படிப் பல நாடுகளில் எடுத்த கணக்குகளை சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் உள்ள உலகப் பனிப்பாறைக் கண்காணிப்பு மையம் சேர்த்து வைக்கிறது.

கொய்யாவை ஒருவர் கிலோவிலும் இன்னொருவர் பெட்டியிலும் கணக்கு வைத்தால் மொத்த விளைச்சல் தெரியுமா? பனிக்கும் அப்படித்தான். எல்லோரும் ஒரே முறையில் அளக்க வேண்டும். அதற்கான வழிமுறைகளை வகுப்பது உலக வானிலை அமைப்பின் 'குளோபல் கிரையோஸ்பியர் வாட்ச்' என்ற திட்டம். கிரையோஸ்பியர் என்றால் பூமியில் உறைந்து கிடக்கும் பகுதி முழுவதும் என்று பொருள்.

நீங்களே பார்க்கலாம்

1. பிரவுசரைத் திறந்து 'நாசா வேர்ல்டுவியூ' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து தேடுங்கள். கட்டணம் கிடையாது. சாஃப்ட்வேர் எதுவும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.
2. மவுஸின் நடுச்சக்கரத்தை உருட்டி இமாச்சலப் பிரதேசத்தைப் பெரிதாக்குங்கள்.
3. 'ஸ்டார்ட் கம்பாரிசன்' பட்டனைக் கிளிக் செய்யுங்கள். ஒரு பக்கத்துக்கு மார்ச் மாதத்தில் ஒரு நாளையும், மறுபக்கத்துக்கு அக்டோபரில் ஒரு நாளையும் கொடுங்கள்.
4. நடுவில் உள்ள கோட்டை இழுத்துப் பாருங்கள். பனி எவ்வளவு குறைகிறது என்பது கண்ணெதிரே தெரியும்.

மேகமும் வெள்ளை, பனியும் வெள்ளை. எப்படிப் பிரித்தறிவது? அடுத்த நாள் படத்தைப் பாருங்கள். மேகம் இடம் மாறியிருக்கும். பனி அங்கேயே, மலை மடிப்புகளுக்குள் மரக்கிளை போலப் பிரிந்து கிடக்கும். சவுத் லோனாக் போன்ற சிறிய ஏரிகளைத் தெளிவாகப் பார்க்க ஐரோப்பாவின் 'கோபர்நிகஸ் பிரவுசர்' ஏற்றது.

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. சவுத் லோனாக் ஏரியை விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆபத்து என்று எழுதியும் வைத்தார்கள். ஆனால் முழுமையான எச்சரிக்கை ஏற்பாடு அங்கே அமைவதற்குள் ஏரி உடைந்துவிட்டது. படம் எடுப்பதும் பகிர்ந்துகொள்வதும் பாதி வேலைதான். ஆற்றங்கரையில் தூங்கிக்கொண்டிருப்பவரை நேரத்தோடு எழுப்பிவிடுவதுதான் மீதி வேலை.